தொட்டு வாசி, துடைத்து வை

பழைய கிட்டாரின் இரும்பு துருப்பிடிக்க மூன்று பொருள்கள் போதும். ஈரம், காற்றில் இருக்கும் ஆக்சிஜன், கொஞ்சம் உப்பு. வடசென்னைக் கடலோரத்தில் இந்த மூன்றுக்கும் பஞ்சமே இல்லை. எங்கள் மாலை நேரப் படிப்பகத்தின் ஜன்னல் கொக்கிகளை இரண்டு மழைக்காலத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். ஒரு வாரம் ஓட்டாமல் நின்ற சைக்கிளின் செயின் செம்பழுப்பாகிவிடும். நிலக்கரி எரியும் பகுதி என்பதால் காற்றில் கந்தக டை ஆக்சைடும் சேரும். அது உலோக அரிப்பை இன்னும் வேகப்படுத்தும். இப்படிப்பட்ட இடத்துக்கு ஏறக்குறைய ஐம்பது வயதான கிட்டார் ஒன்று வந்து சேர்ந்தது. அதை எப்படிக் காப்பது என்று எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. அந்த விவாதத்தில் வேதியியலும் இருந்தது, சாதியும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

கிட்டார் 1970-களில் கல்கத்தாவில் செய்தது. கம்பிகளைக் கீழே இழுத்துப் பிடிக்க நிக்கல் முலாம் பூசிய இரும்பு டெயில்பீஸ். மேலே பக்கத்துக்கு மூன்றாக ஆறு ட்யூனிங் கீ. கொடுத்தவர் எங்கள் பகுதிப் பெரியவர். துறைமுகத்தில் கூலி வேலை பார்த்துக்கொண்டே கல்யாணக் கச்சேரிகளிலும் டிசம்பர் மாத கேரல் பாட்டிலும் வாசித்தவர். விரல் மூட்டுகள் மடங்காமல் போன பிறகு எங்களிடம் கொண்டுவந்து கொடுத்தார். "பரண்ல போட்டுடாதீங்கம்மா. பசங்க கையில குடுங்க. வாசிக்கிற வரைக்கும்தான் அது கிட்டாரு" என்றார்.

பிள்ளைகளுக்கும் ஆசைதான். 2018 ஜனவரியில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் முதல்முறையாக மேடை ஏறியது. பறையும் கானாவும் கிட்டாரும் ஒரே மேடையில் நின்றதை யூடியூபில் பார்த்து வளர்ந்தவர்கள் இவர்கள். கிட்டார் வேறு யாருடைய கருவியோ என்ற எண்ணம் இவர்களுக்குக் கிடையாது.

படிப்பகத்துக்கு உதவி செய்பவர்களில் ஒருவர் கிட்டாரைப் பார்த்துவிட்டு, கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்து தருவதாகச் சொன்னார். நல்ல மனிதர். ஒவ்வொரு ஜூனிலும் நோட்டுப் புத்தகம் வாங்கித் தருபவர். "எவ்ளோ பழைய பொருள்! கண்டவங்க கையும் பட்டா துரு ஏறிடும். அதுவும் இந்தப் பசங்க கையில வேர்வை ஜாஸ்தி. பார்க்கட்டும், தொட வேண்டாம்" என்றார். பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் தன் இரண்டு உள்ளங்கைகளையும் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவள் கிட்டார் பக்கமே வரவில்லை.

சமூகவியல் படித்தவள் என்பதால் அவர் பேச்சிலிருந்த 'கண்டவங்க' என்ற சொல்லையும் 'இந்தப் பசங்க' என்ற சொல்லையும் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கோபத்தை மட்டும் வைத்து அவருக்குப் பதில் சொல்ல முடியாது. அவர் அறிவியல் பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் பேசினார். அதனால் அந்த அறிவியலையே எடுத்துப் பார்த்தோம்.

வியர்வை உலோகத்தை அரிக்கும் என்பது உண்மை. அதில் உப்பு இருக்கிறது, லாக்டிக் அமிலம் இருக்கிறது, யூரியா இருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு, இரும்பின் மேல் படியும் பாதுகாப்புப் படலத்தை உடைத்து உள்ளே போகும். இந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதும் உண்மை. இயந்திரத் தொழிற்சாலைகளில் சிலர் தொட்டு வைத்த பளபளப்பான இரும்புத் துண்டில் மறுநாள் அவர்களுடைய விரல் ரேகை துருவாகவே தெரியும். ஆங்கிலத்தில் அப்படிப்பட்டவர்களுக்கு 'ரஸ்டர்' என்றே பெயர். வியர்வைச் சுரப்பி எவ்வளவு சுரக்கிறது, அதில் எவ்வளவு குளோரைடு இருக்கிறது என்பதுதான் காரணம். குளித்தவரா குளிக்காதவரா, எந்தத் தெருவைச் சேர்ந்தவர், அப்பா என்ன வேலை செய்கிறார் என்பதெல்லாம் உலோகத்துக்குத் தெரியாது. ஒரே ஆளின் கைகூட மே மாதத்தில் ஒரு மாதிரி, ஜனவரியில் ஒரு மாதிரி. எங்கள் படிப்பகத்தில் கம்பிகளைச் சீக்கிரம் கறுக்க வைப்பது யார் கை தெரியுமா? என் கை. பிள்ளைகள் வாசித்தால் ஆறு வாரம் தாங்கும் கம்பி, நான் எடுத்து வாசிக்க ஆரம்பித்தால் மூன்று வாரத்தில் மங்கிவிடுகிறது.

அடுத்து கண்ணாடிப் பெட்டி. இரும்பு அரிப்பு காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டும்போது வேகமெடுக்கிறது. சாதாரண உப்பு 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் வீட்டு உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். இரும்பின் மேல் ஏற்கெனவே உப்பு படிந்திருந்தால் ஈரப்பதம் குறைவாக இருக்கும்போதே அரிப்பு தொடங்கிவிடும். நம் கடலோரத்தில் ஒரு பெட்டியை மூடினால் உள்ளே மாட்டுவதும் அதே ஈரக் காற்றுதான். பெட்டியின் ஸ்பாஞ்சும் துணியும் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடைசியாக வாசித்தவரின் உப்பு துடைக்கப்படாமல் உலோகத்தின் மேலேயே கிடக்கும். யாரும் தொடாததால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

நிக்கல் முலாம் இங்கே ஒரு விஷயத்தில் நம்மை ஏமாற்றும். வீட்டுக் கூரைத் தகரத்தில் பூசியிருக்கும் துத்தநாகம், தான் முதலில் அரிந்து அடியிலிருக்கும் இரும்பைக் காப்பாற்றும். நிக்கல் அப்படிச் செய்யாது. அது ஒரு போர்வை மட்டுமே. அதுவும் தலைமுடியைவிட மெல்லிய போர்வை. அதில் ஊசிமுனை அளவு துளை விழுந்தால் துளைக்குள் இருக்கும் இரும்பு முன்னைவிட வேகமாக அரியும். சுற்றிலும் நிக்கல் பளபளவென்று இருக்கும், அடியில் துரு பரவி முலாமைக் கொப்புளமாகத் தூக்கும். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்குப் பளபளப்பு மட்டும்தான் தெரியும்.

உங்களிடம் இருப்பது இதைவிடப் பழைய கிட்டார் என்றால் மூடிய பெட்டி இன்னும் ஆபத்து. 1920-களிலிருந்து பல பத்தாண்டுகள் கிட்டார்களின் பிக்கார்டையும் கீயின் பிடிகளையும் செல்லுலாய்டில் செய்தார்கள். வயதான செல்லுலாய்டு சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிடும். அவை ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். பிக்கார்டு வெடித்துப் பொடிந்து, பெட்டியைத் திறந்ததும் நெடி அடித்து, பக்கத்திலுள்ள ஃப்ரெட்டும் டெயில்பீஸும் பச்சை பூத்திருந்தால் காரணம் இதுதான். அந்தத் துண்டைக் கழற்றி, நெருப்புப் படாத இடத்தில் காற்றோட்டமாகத் தனியே வைக்க வேண்டும். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் அது. இந்த அரிப்பில் எந்தக் கைக்கும் பங்கில்லை. பூட்டிய பெட்டிக்கு மட்டுமே பங்கு உண்டு.

அப்படியானால் துருவின் பெயரால் சொல்லப்பட்ட 'தொட வேண்டாம்' எங்கிருந்து வந்தது? உலோகத்துக்கும் தீண்டலுக்கும் நம் ஊரில் பழைய கணக்கு ஒன்று உண்டு. மனுதர்மத்தின் 10-ஆம் அத்தியாயம் சண்டாளருக்கு விதிப்பது உடைந்த பாத்திரமும் இரும்பு அணிகலனும். சாதி ஆசாரத்தின்படி மண்பானை தீட்டை உறிஞ்சிக்கொள்ளும், அதை உடைத்துவிட வேண்டும். பித்தளையும் வெண்கலமும் தேய்த்தால் சுத்தமாகிவிடும். தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை இந்தக் கணக்கின் பேரப்பிள்ளை.

என் பாட்டி பல வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர். புழக்கடையில் உட்கார்ந்து புளியும் சாம்பலும் போட்டு அவர் பொன் மாதிரித் தேய்த்து வைத்த குடத்தின் மேல் வீட்டுக்கார அம்மா ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவார். அதன் பிறகுதான் குடம் உள்ளே போகும். களிம்பை எடுத்த கை எதுவோ, அந்தக் கையைத்தான் அந்தத் தண்ணீர் கழுவியது. பாட்டி இதை எங்களுக்குக் கதை போலச் சொல்வார். அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் குரல் இறங்கிவிடும். சுடிதாரில் கை துடைத்துக்கொண்ட பிள்ளையைப் பார்த்தபோது எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

கடல் கடந்தும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1927-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய நேஷனல் நிறுவனம் உடம்பே உலோகமாக இருக்கும் கிட்டார்களைச் செய்தது. மின்சாரக் கிட்டார் பரவாத காலம். கூட்டத்தின் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதற்காக வந்த கருவி அது. பித்தளையில் நிக்கல் முலாம் பூசிய மாடல்களும் இரும்பில் பெயின்ட் அடித்த மலிவான மாடல்களும் வந்தன. மிசிசிப்பியைச் சேர்ந்த சன் ஹவுஸ், புக்கா வைட் போன்ற கறுப்பின ப்ளூஸ் கலைஞர்கள் நேஷனல் கிட்டார்களை வாசித்தார்கள். இன்றும் பழைய நேஷனல் கிட்டார்களில் வாசிப்பவரின் முன்கை உரசும் இடத்தில் நிக்கல் தேய்ந்து பித்தளை தெரியும். அதை மறைக்கப் புதிதாக முலாம் பூசினால் கிட்டாரின் மதிப்பு குறையும் என்பது சேகரிப்பாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மறைந்துபோன கலைஞரின் வியர்வைத் தடத்துக்கு ஏலத்தில் விலை இருக்கிறது. உயிரோடு இருக்கும் பிள்ளையின் வியர்வைக்குத்தான் கண்ணாடிப் பெட்டி.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? பழைய இசைக்கருவிகளைப் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவரைக் கூட்டி வந்தோம். அவர் ஒருநாள் மாலை பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து எல்லாவற்றையும் பிரித்துக் காட்டினார். அவர் சொல்லிக்கொடுத்ததும் நாங்கள் படித்துச் சேர்த்துக்கொண்டதும் இவை.

வாசிப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். இந்த விதி எல்லோருக்கும் பொது. வருகிற விருந்தினர், உதவி செய்பவர், நான், பிள்ளைகள் எல்லோருக்கும். சிலருக்கு மட்டும் விதி என்றால் அது பராமரிப்பு இல்லை, தீண்டாமை.

வாசித்து முடித்ததும் உலர்ந்த பனியன் துணியால் துடைக்க வேண்டும். ஒவ்வொரு கம்பியையும் துணியோடு சேர்த்து இரண்டு விரலால் பிடித்து மேலிருந்து கீழ்வரை இழுக்க வேண்டும். பிறகு ஃப்ரெட், டெயில்பீஸ், கீ. மொத்தம் இரண்டு நிமிடம். துணியை வாரம் ஒருமுறை துவைக்க வேண்டும். இல்லையென்றால் போன வாரத்து உப்பையே திரும்பத் தேய்ப்போம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய வேலை. கீகளைக் கழற்றி, ஸ்க்ரூக்களை ஓர் அட்டையில் கீயின் வரிசைப்படியே குத்தி வைக்க வேண்டும். "எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டைன்னு மாறக் கூடாது. மரத்துல ஓட்டை பெருசாயிடும்" என்றார் அண்ணன். பழைய டூத் பிரஷ்ஷால் பல்சக்கரத்தின் களிம்பையும் தூசியையும் உலர்வாகத் தட்டிவிட்டு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய், மிச்சத்தைத் துணியால் ஒற்றிவிட வேண்டும். டெயில்பீஸைக் கழற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் கிட்டாரில் பிரிட்ஜ் ஒட்டப்படவில்லை. கம்பிகளின் இழுவையில்தான் நிற்கிறது. கம்பிகளைத் தளர்த்துவதற்கு முன் அது நிற்கும் இடத்தை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். கம்பி மட்டும் மாற்றுவதென்றால் ஒன்று ஒன்றாக மாற்ற வேண்டும்.

உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் கழற்றிய டெயில்பீஸை வடிநீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே ஃபேன் காற்றில் முழுதாக உலர்த்த வேண்டும். அதன் மேல் மைக்ரோகிறிஸ்டலைன் மெழுகை மெல்லியதாகத் தடவித் தேய்த்துவிடலாம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் 1950-களில் உருவான ரினைசன்ஸ் வாக்ஸ் இந்த வகைதான். ஒரு சின்ன டப்பா பல வருடம் வரும். மெழுகு ஈரத்தைத் தள்ளி வைக்கும், விரல் ரேகை நேராக உலோகத்தில் படியாது.

செய்யக் கூடாதவையும் உண்டு. புளி, எலுமிச்சை, பல்பொடி எதுவும் வேண்டாம். பாட்டி தேய்த்த குடம் கெட்டிப் பித்தளை, தாங்கும். முலாம் தாங்காது. ஸ்டீல் ஊல் போட்டுத் தேய்த்தால் முலாம் கீறும், அதன் தூள் ஒட்டிக்கொண்டு அதுவே துருப்பிடிக்கும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துச் சிக்கெடுத்துவிடும். துருநீக்கி ஸ்ப்ரேயைக் கிட்டார் மேல் நேராக அடிக்கக் கூடாது, மரத்துக்கும் பாலிஷுக்கும் கேடு. ஃப்ரெட் பச்சையாகிவிட்டது, வெள்ளி போய்விட்டது என்று பயப்படவும் வேண்டாம். ஜெர்மன் சில்வரில் வெள்ளியே கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல் சேர்ந்த கலவை அது. துருப்பிடிக்காது, மங்கும். துணியால் துடைத்தால் போதும்.

கிட்டாரைக் கடல் பக்க ஜன்னலிலிருந்து தள்ளி, உள்சுவரில் மாட்டியிருக்கிறோம். சில நூறு ரூபாய்க்கு ஓர் ஈரப்பதமானி வாங்கினோம். 45-இலிருந்து 55 சதவீதம் வரை இருந்தால் மரத்துக்கும் உலோகத்துக்கும் நல்லது. மழைக்காலத்தில் எங்கள் முள் 80-க்குக் கீழே இறங்க மறுக்கும். அந்த மாதங்களில் இரவு மட்டும் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு பெட்டிக்குள் வைத்து, தினமும் மாலை திறந்து வாசிக்கிறோம். நீல நிற சிலிகா ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கும், பிள்ளைகள் புழங்கும் இடத்தில் அது வேண்டாம். வெள்ளையை வாங்கினோம்.

ஒவ்வொரு ஜூனிலும் டெயில்பீஸை ஒரே இடத்தில் ஒரே கோணத்தில் படம் எடுக்கிறோம். மூன்று படங்கள் சேர்ந்திருக்கின்றன. கிட்டார் வரும்போது அதில் இருந்த புள்ளிகள் அப்படியே இருக்கின்றன, புதிதாக ஒன்றும் வரவில்லை. இந்த இரண்டு வருடத்தில் பதினைந்து பிள்ளைகளாவது அதை வாசித்திருப்பார்கள். யார் வாசித்தார், யார் துடைத்தார் என்று எழுத ஒரு நோட்டு இருக்கிறது. அந்த நோட்டைப் பார்த்துக்கொள்வது சுடிதாரில் கை துடைத்த அதே பெண். அண்ணன் பிரித்துக் காட்டிய நாளில் அவர் அவள் கையில்தான் முதல் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தார். கண்ணாடிப் பெட்டி தருவதாகச் சொன்னவர் போன மாதம் வந்தார். கிட்டாரை எடுக்கப் போனவரிடம் அவள், "அங்கிள், முதல்ல கை கழுவிட்டு வாங்க" என்றாள். கழுவிவிட்டு வந்தார். நோட்டில் அவர் பெயரும் இருக்கிறது.

தோழர்களே, உங்களில் பலர் கல்லூரியில் படிக்கிறீர்கள். 'பாதுகாப்பு' என்ற சொல்லை இனி அடிக்கடி கேட்பீர்கள். பூட்டிய அலமாரிக்குள் மைக்ரோஸ்கோப் இருக்கும். உறை போட்ட கணினி இருக்கும். கண்ணாடிக்குள் நூலகத்தின் நல்ல புத்தகங்கள் இருக்கும். கேட்டால், கெட்டுப்போய்விடும் என்பார்கள். உடனே சண்டைக்குப் போக வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். எது கெடும்? எதனால் கெடும்? கையைத் தடுக்காமல் அதைத் தடுக்க என்ன செலவாகும்? எங்கள் கிட்டார் விஷயத்தில் மூன்றாவது கேள்விக்கு விடை ஒரு பழைய பனியன் துணி, ஒரு டப்பா மெழுகு, தினமும் இரண்டு நிமிடம். பெரும்பாலான இடங்களில் விடை இதைவிடப் பெரிதாக இருக்காது. அந்த விடையைத் தெரிந்துகொண்டு போங்கள். பொருளைப் பற்றி அவர்களைவிட நமக்கு நன்றாகத் தெரியும் என்றால், அதன் பிறகு அவர்கள் சொல்லும் காரணத்தில் மிஞ்சுவது எது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். உங்கள் வீட்டிலோ மன்றத்திலோ தேவாலயத்திலோ பழைய கிட்டார் ஒன்று பெட்டியில் கிடந்தால் இந்த வாரமே திறந்து பாருங்கள். கம்பியைத் துடையுங்கள், கீயைத் திருப்பிப் பாருங்கள், இறுகியிருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பிறகு பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் கையில் கொடுங்கள். துணியையும் சேர்த்துக் கொடுங்கள்.